பெரியம்மாளின் வலது கை

புதூர்நாட்டுப் பெரியம்மாளின் வலது கை ஒரு வெள்ளிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு, முழங்கையிலிருந்து விரல்நுனி வரை கண்ணாடியானது. தோல் இருந்தது, தொட்டால் சூடும் இருந்தது. உள்ளே இருப்பதெல்லாம் வெளியே தெரிந்தது, அவ்வளவுதான். நர்ஸ் 'வலி இல்லை' என்று எழுதிக்கொண்டு சுண்ணாம்புச்சத்து மாத்திரை கொடுத்தார். ஊர் மூன்று நாள் வந்து பார்த்தது. நாலாம் நாள் சாமை அறுப்பு.

காரணம் மகள் சிவசங்கரிக்குத் தெரியும். அந்த வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவள் அவள், விலங்கியல். அதே வெள்ளிக்கிழமை, அதே மூன்று மணிக்கு, மஞ்சள் பையில் பலாச்சுளையோடு அம்மா வகுப்பு வாசலில் வந்து நின்றாள். புளி உடைத்தே கறுத்த விரல்கள். யாரென்று தோழிகள் கேட்டார்கள்.

"எங்க வூட்ல வேல செய்றவங்க."

படிப்பு அவளுக்கு முதலில் கற்றுக்கொடுத்தது அதைத்தான். பெரியம்மாள் பையை நீட்டினாள். "பாப்பா கேட்டுச்சுங்க. நான் வர்றேங்க," என்று சொல்லிவிட்டு மலையேறும் ஜீப்புக்கு நடந்தாள். நீட்டிய கைதான் அது. அன்றிலிருந்து வீட்டிலும் மகளுக்கு 'ங்க' போட்டாள்: சாப்டுங்க, தூங்குங்க. கோபமெல்லாம் இல்லை, வாய் பழகிவிட்டது.

ஐந்து வருடம் போனது. சிவசங்கரி அடிவாரப் பள்ளி ஒன்றில் ஆசிரியையானாள். திசுக்கள் பாடம் வந்தது, நுண்ணோக்கி வரவில்லை. உங்கள் ஊரில் ஓர் அம்மாவுக்குக் கை தெரிகிறதாமே, அவரைத் தெரியுமா என்று தலைமையாசிரியர் புருஷோத்தமன் கேட்டார். தெரியும் சார் என்றாள். அம்மா என்பதை விட்டுவிட்டு, வரச் சொல்கிறேன் என்றாள்.

வகுப்பில் பெரியம்மாள் மேசைமேல் கையை வைத்தாள். மகள் குச்சியால் காட்டினாள்: போர்த்தியிருப்பது எபிதீலியத் திசு, சிவப்பு தசை, வெள்ளை நூல் நரம்பு. இங்கே கொழுப்பு இருக்கணும், இவங்களுக்கு இல்லை. ஏன் டீச்சர் என்றாள் முன்வரிசை மாணவி. படிக்கிற பிள்ளைக்குப் போட்டது போக மிச்சத்தைத் தின்ற கை அது. சிவசங்கரி குச்சியை அடுத்ததற்கு நகர்த்தினாள். பலாச்சுளைக்கு நடுவே கிடக்கும் நாரைப் போல வெளுத்தது, தசையை எலும்போடு கட்டுவது, தசைநாண். இணைப்புத் திசு. எவ்வளவு இழுத்தாலும்...

குச்சி நின்றது.

"இவங்க எங்கம்மா. வேலக்காரின்னு ஒருதரம் சொன்னேன்."

சில பிள்ளைகள் அதையும் நோட்டில் எழுதிக்கொண்டார்கள். விரல்கள் மடங்க, உள்ளே நாண்கள் ஒவ்வொன்றாக நகர்ந்தன. பெரியம்மாள் கேட்டாள்: "கைய எடுத்துக்கட்டுங்களா, டீச்சர்?"

கை பழையபடி ஆகவில்லை, 'ங்க'வும் போகவில்லை. வருடா வருடம் அந்தப் பாடத்துக்கு அவள் ஜீப்பில் இறங்கி வருகிறாள். பார்வையாளர் ஏட்டில் 'ஆசிரியையின் தாய்' என்று சிவசங்கரி எழுத, பெரியம்மாள் அந்தக் கையின் பெருவிரலால் கைநாட்டு வைக்கிறாள். மை பட்ட இடத்தில் மட்டும் தோல் தெரிகிறது.