கொடுத்துவிட்ட வீடு

சவப்பெட்டியின் கால்மாட்டை லோஜினி சுவர்ப்பக்கம் இழுத்தாள். அங்கேயும் கூரை சொட்டியது. தலைமாட்டை நகர்த்தினால் அடுப்படி வாசல் அடைபட்டுவிடும். தேயிலைத் தோட்டத்து லயத்தின் அந்தச் சின்னக் காம்பராவில் அப்பாவை நகர்த்த இனி இடமில்லை.

"விடு புள்ள. நாளைக்கு மத்தியானம் எடுத்துருவோம்ல" என்றாள் அம்மா.

"அதுவரைக்கும் அப்பா நனையணுமா?"

காலையில் பெரட்டில் வேலைக்குப் பேர் கொடுக்கப் போகச் செருப்பு மாட்டும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர். அண்ணன் கொழும்பிலிருந்து வந்தால்தான் எடுக்க முடியும். பூண்டுலோயா ரோட்டில் மண் சரிந்து பஸ் நிற்கிறதாம். மழையோ விடுகிற மாதிரி இல்லை.

மேட்டில், தனிவீட்டு வரிசையில், சித்தப்பா வீட்டுக் கூரை தெரிந்தது. அது அப்பாவுக்கு விழுந்த வீடு. தோட்டத்தில் தனிவீடுகளுக்குச் சீட்டுக் குலுக்கியபோது செல்லசாமி என்ற அப்பாவின் பெயர்தான் வந்தது. ஞானஸ்நானம் எடுத்த புதிது அவருக்கு. "தம்பி பொண்ணக் கட்டிக் குடுக்கணும், அவன் எடுத்துக்கட்டும். எனக்கு ஆண்டவரு மேல கட்டி வச்சிருக்காரு" என்று விட்டுக்கொடுத்துவிட்டார். சபையில் கைதட்டினார்கள். அம்மா அன்றைக்குச் சோறாக்கவில்லை.

வாசலில் அழகுமுத்து சித்தப்பா குந்தியிருந்தார். லோஜினி அவர் முன்னால் போய் நின்றாள்.

"சித்தப்பா, அப்பாவ ஒங்க வீட்டு ஹாலுல வச்சுக்குவோமா? எடுக்குற வரைக்குந்தான்."

அவர் நிமிரவில்லை. பக்கத்தில் நின்ற சித்திதான் பதறினாள்.

"என்னா பேசுற லோஜினி? வேற எடத்துல செத்த பொணத்த வீட்டுக்குள்ள கொண்டாறதா? எம் மக சுதர்ஷினி வேற மாசமா இருக்கா. நீங்க வேதத்துக்குப் போயிட்டீங்க, ஒங்களுக்கு ஒண்ணுமில்ல. நாங்க அங்க தெனம் வெளக்கேத்துறோம்."

"வேற எடம் என்ன சித்தி? அது எங்க வீடு."

சித்தப்பா எழுந்தார், குடையைக்கூட எடுக்காமல் மழைக்குள் இறங்கி நடந்தார்.

"போங்க! எல்லாரும் போங்க!" என்று அவர் முதுகைப் பார்த்துக் கத்தினாள் லோஜினி. அம்மா அவள் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள்.

கொஞ்ச நேரத்தில் பாஸ்டர் வந்து ஜெபத்துக்கு நின்றார்.

"நம்ம சகோதரர் இன்னைக்கி அவரோட சொத்துக்குப் போய்ச் சேந்துட்டாரு. உக்காத சொத்து. யாராலயும் அத அவருகிட்டருந்து எடுக்க ஏலாது..."

அப்பாவின் கன்னத்தில் ஒரு சொட்டு விழுந்து காதோரம் வழிந்தது.

"நெசமாவா பாஸ்டர்?"

"என்னம்மா?"

"அங்க வீடு இருக்குறது. இல்லாட்டி அப்பாவுக்கு ரெண்டும் இல்லாமப் போயிருமே."

பாஸ்டர் பதில் சொல்ல வாயெடுக்கையில் தலைக்கு மேல் கூரையில் தடாரென்று ஏதோ விழுந்தது. ஆட்கள் வெளியே ஓடினார்கள்.

"யோவ் அழகுமுத்து, எறங்குய்யா! வழுக்கி விழுந்தா ரெண்டு பெட்டி தேடணும்!"

"அடப்பாவி மனுசா, நம்ம வீட்டுக் குசினித் தகரத்தப் பேத்துட்டு வந்திருக்கியே! அங்க அடுப்புல மழ ஊத்துமே!" சித்தியின் குரல் உடைந்தது.

"ஊத்தட்டும்" என்றார் சித்தப்பா மேலேயிருந்து. "ஆணியக் குடுங்கடா எவனாச்சும்."

சுத்தியல் விழத் தொடங்கியது. பாஸ்டர் குரலை உயர்த்தினார். அடி ஓங்கி விழும்போதெல்லாம் அவர் சொல்வது கேட்கவில்லை. எந்த வார்த்தை போயிற்று, எது வந்தது என்று லோஜினிக்குத் தெரியவில்லை. பெட்டியோரம் மண்டியிட்டு, தாவணி நுனியால் அப்பாவின் கன்னத்தையும் காதையும் ஒற்றினாள். பிறகு அந்த முகத்துக்கு மேலே உள்ளங்கையை விரித்துப் பிடித்தாள்.

சுத்தியல் ஓய்ந்தது. எல்லோரும் ஆமென் சொன்னார்கள்.

கையில் ஒரு சொட்டும் விழவில்லை. அவள் கையை எடுக்கவுமில்லை.