கோட்டுக்கு எந்தப் பக்கம்

1

இது கதையாகப் பிறக்கவில்லை. ஒரு விழா மலருக்குக் கேட்கப்பட்ட கட்டுரை. சங்கரன்கோவிலில் ஒரு கல்லூரி, பெயர் வேண்டாம். அதன் உடற்கல்வி இயக்குநர் செல்லச்சாமி ஓய்வு பெறுகிறார். முப்பது வருடத்துக்கும் மேலாக அங்கே ஹாக்கி சொல்லிக்கொடுத்தவர். பாராட்டு விழா மலருக்கு இரண்டு பக்கம் எழுதித் தர முடியுமா என்று கல்லூரி முதல்வர் என்னிடம் கேட்டார். நான் அதே கல்லூரியில் படித்தவன், சில புத்தகங்கள் போட்டவன், ஹாக்கி மட்டையைத் தொட்டதே கிடையாது. கடைசித் தகுதியைப் பற்றி அவர் விசாரிக்கவில்லை.

"நேர்மைன்னு தலைப்பு வைங்க. அந்தக் கோல் விஷயத்த விட்றாதீங்க, அதான் மெயின்," என்றார்.

கட்டுரையை நான் கொடுக்கவில்லை. ஏன் கொடுக்க முடியாமல் போயிற்று என்பதுதான் இனி வருவது.

2

தொடக்கம், முதல் முயற்சி:

"சங்கரன்கோவிலில் இறங்கி யாரைக் கேட்டாலும் செல்லச்சாமி சார் கிரவுண்டுக்கு வழி சொல்வார்கள்—"

(பொய். ஆடித்தபசுத் திருவிழாவுக்கு வெளியூர் பஸ் நிறுத்துகிற இடம் என்று கேட்டால்தான் சொல்வார்கள்.)

இரண்டாம் முயற்சி:

"கரிசலில் ஹாக்கி ஆடுவது லேசில்லை. கோடையில் பந்து வெடிப்புக்குள் போய்விடும், மழை பெய்தாலோ—"

(உண்மைதான். ஆனால் மண்ணில் தொடங்கினால் நான் மண்ணிலேயே நின்றுவிடுவேன், எனக்கு அந்த வியாதி உண்டு. சரள் கொட்டி, உருளை இழுத்து அந்தத் தரையைச் சரிசெய்தவர் செல்லச்சாமி. ஒரு வரி போதும்.)

மூன்றாவது:

"செல்லச்சாமி தன் அணி போட்ட கோலைத் தானே வேண்டாம் என்று சொன்னவர்."

இது நின்றது. ஊருக்குத் தெரிந்த செல்லச்சாமியும் இவ்வளவுதான்.

3

இந்த இடத்தில் எனக்குப் பாத்திரத்தின் மேல் சந்தேகம் வந்தது. விசாரித்தவர்கள் எல்லோரும் அவரை நல்லவர் என்றார்கள். எல்லோருக்கும் நல்லவரான ஒருவரை வைத்து மலர் போடலாம், கதை எழுத முடியாது. குறை தேடினேன்.

கிடைத்தது. விதைப்புக்கு லீவு கேட்டவனை அணியை விட்டே நிறுத்தியிருக்கிறார். மட்டையைத் தவறாகப் பிடித்த ஒருவனிடம், "ஆட்டுக் கம்பு பிடிச்ச கை அப்பிடித்தான இருக்கும்," என்று எல்லோர் முன்னாலும் சொல்லியிருக்கிறார். அவன் கரிவலம்வந்தநல்லூர்க்காரன், வீட்டில் உண்மையிலேயே கிடை ஆடு உண்டு. மறுநாளிலிருந்து அவன் மைதானத்துக்கு வரவில்லை. பிற்காலத்தில் பெண்கள் அணி சேர்த்தபோது மட்டும் கொஞ்சம் வாய் அடங்கியது என்கிறார்கள். அடங்கியதா, களைத்துப்போனதா என்பது எனக்குத் தெரியாது.

இவ்வளவும் எழுதிய பிறகு அவர் என் கண்ணுக்கு மனிதராகத் தெரிந்தார். இனி அந்தக் கோலுக்குப் போகலாம்.

4

இத்தனை வருடத்தில் அவருடைய அணி பல்கலைக்கழக இறுதிப் போட்டிக்குப் போனது ஒரே ஒரு தடவை. பாளையங்கோட்டையில் நடந்தது. எதிரணி கோவில்பட்டிப் பக்கம். ஹாக்கியில் அந்தப் பக்கத்தை ஜெயிப்பது என்றால் சும்மா இல்லை. ஆட்டம் முடியப் போகிறது, ஆளுக்கு ஒரு கோல். பனவடலிசத்திரத்துப் பையன் இசக்கித்துரை வலது பக்கமாகப் பந்தை வாங்கி அடித்தான். உள்ளே போய்விட்டது. விசில்.

(ஹாக்கி தெரியாதவர்களுக்கு: கோல் கம்பத்துக்கு முன்னால் அரைவட்டமாக ஒரு கோடு இருக்கும். 'டி' என்பார்கள். அதற்குள்ளே வைத்து அடித்தால்தான் கோல். வெளியே வைத்து அடித்துப் பந்து நேராக வலைக்குள் போனாலும் கணக்கில் வராது.)

எதிரணி அம்பயரைச் சூழ்ந்துகொண்டது. வெளியே வைத்து அடித்தான் என்றார்கள். அம்பயருக்கே நிச்சயமில்லை, குறுக்கே ஆள் ஓடியிருக்கிறான். அவர் எல்லைக்கோட்டோரம் நின்ற செல்லச்சாமியிடம் வந்தார். விதிப்படி ஒரு பயிற்சியாளரிடம் கேட்கக் கூடாது. ஆனால் செல்லச்சாமியும் அந்த வட்டாரத்தில் அம்பயராக நிற்பவர், பழக்கமானவர்.

"சார், நீங்க நேர்லதான நின்னீங்க. உள்ளயா, வெளியவா?"

"வெளிய," என்றார் செல்லச்சாமி.

கோல் ரத்தானது. கூடுதல் நேரத்தில் எதிரணி ஒன்று போட்டு ஜெயித்தது. அன்றைக்குப் போலீஸ் அணிக்கு ஆள் பார்க்க வந்திருந்தவர்கள் ஜெயித்த பக்கத்திலிருந்தே வேலைக்கு ஆள் எடுத்துக்கொண்டு போனார்கள். திரும்பி வரும்போது இசக்கித்துரை அணியோடு வரவில்லை. தனி பஸ் பிடித்துப் போனான். அதற்குப் பிறகு அவன் மட்டையைத் தொடவில்லை, செல்லச்சாமியிடம் பேசவும் இல்லை.

மறுநாள் பேப்பரில் பெட்டிச் செய்தி: சொந்த அணியின் கோலை மறுத்த பயிற்சியாளர்.

5

இசக்கித்துரை இப்போது பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருக்கிறார். (இங்கே 'அவன்' 'அவர்' ஆகிறார். தலையில் பாதி நரைத்துவிட்டது.) நான் போனபோது கேரளாவுக்குப் போகிற மல்லிகைக்கு ஐஸ் வைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, அந்தக் கோல்—"

"உள்ளதான் அடிச்சேன்." நான் முடிக்கவே விடவில்லை. "நல்லா உள்ள. ஆனா சார், அது கூடப் போவட்டும். அம்பயர் செல்லச்சாமி சாருட்ட கேட்டாரு. அவரு எங்கிட்ட கேட்டாரா? நான் அங்கனதான நிக்கேன், மட்டயத் தூக்கிக்கிட்டு. 'ஏலே, எங்க வச்சு அடிச்ச'ன்னு ஒரு வார்த்த. கேட்டா பய பொய் சொல்லுவான்னு நெனச்சிட்டாருல்லா."

"அப்படி நெனச்சிருக்க மாட்டார்."

"பின்ன எப்பிடி நெனச்சாராம்?"

அவர் பெட்டிக்கு மூடி போடத் திரும்பிவிட்டார்.

6

செல்லச்சாமி வீட்டுக்குப் போன அன்று அவர் குளித்துக்கொண்டிருந்தார். அவருடைய மனைவி கோமதித்தாய் உள்ளி உரித்துக்கொண்டே என்னோடு பேசினார்.

"அந்தக் கோல் கதையவா எழுதுதிய? அவுக அதப் பாக்கவே இல்லியே."

"என்னக்கா சொல்லுதீங்க?"

"எங்கம்மா வீடு பாளையங்கோட்டதான. அன்னைக்கு ஒருநாத்தான் நான் மேட்ச் பாக்கப் போனேன். நல்ல வெயிலு. தண்ணி பாட்டில நீட்டுனேன். என் பக்கமாத் திரும்பி வாங்குதாக, அங்க கோலுன்னு சத்தம் கேக்கு."

"இத்தன வருஷமா யாருட்டயும் சொல்லலையா?"

"யாரு கேட்டா?"

(இந்த இடத்தில் ஒரு நல்ல எழுத்தாளன் மௌனத்தை வர்ணிப்பான். அப்போது மௌனம் இல்லை. பக்கத்து வீட்டில் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது.)

செல்லச்சாமி துண்டோடு வாசற்படியில் நின்றிருந்தார். எவ்வளவு கேட்டாரோ.

"அவ சொல்லுதது சரிதான்," என்றார்.

"அப்புறம் ஏன் சார் வெளியன்னு சொன்னீங்க?"

"உள்ளன்னு சொன்னா சொந்தப் பயலுக்காகப் பேசுதான்னு சொல்லுவாங்க. வெளியன்னா ஒருத்தனும் வாய் தொறக்க மாட்டான்." துண்டை உதறிக் கொடியில் போட்டார். "பாக்கலன்னு சொல்லியிருக்கலாம். அப்பிடி ஒரு பதில் இருக்குன்னே அப்ப தோணல. பெறவு பேப்பர்ல வந்துட்டு. பெறவு வருஷா வருஷம் ஸ்போர்ட்ஸ் டேல மைக்குல சொல்லுதாங்க. எந்த எடத்துல போயி நிப்பாட்ட?"

அப்போதுதான் இசக்கித்துரை சொன்னதை அவரிடம் சொன்னேன். முழுவதும் அல்ல. நீங்கள் கேட்கவே இல்லை என்பதுதான் அவர் வருத்தம் என்றேன். 'உள்ளதான் அடிச்சேன்' என்பதை விட்டுவிட்டேன். ஏன் விட்டேன் என்றால்—

(இந்த வாக்கியத்தை எப்படி முடிப்பது என்று இன்னும் தெரியவில்லை.)

7

விழா அன்று காலையில் செல்லச்சாமி போன் செய்தார். "வண்டி இருக்கா? பூ மார்க்கெட் வரைக்கும் போவணும்."

விழாவுக்கு உடுத்திய வெள்ளைச் சட்டையோடு பின்னால் ஏறிக்கொண்டார். கடைக்குள் அவர் நுழைந்ததும் இசக்கித்துரை எழுந்து நின்றார். எழ வேண்டும் என்று நினைத்து எழுந்ததாகத் தெரியவில்லை. கால் தானாக எழுந்துவிட்டது. எழுந்த பிறகு உட்காரவும் முடியவில்லை.

மன்னிப்புக் கேட்பார் என்று எதிர்பார்த்தேன். அதற்கு நான் ஒரு வசனம்கூட யோசித்து வைத்திருந்தேன். அவர் கேட்டது வேறு.

"ஏலே இசக்கி. அன்னைக்கு எங்க வச்சுலே அடிச்ச?"

இசக்கித்துரை என்னைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார்.

"வெளியதான் சார்."

"நெசமாவா?"

"ஒரு சாண் வெளிய. நீங்க சொன்னதுதான் சரி."

செல்லச்சாமி தராசுத் தட்டைப் பிடித்துக்கொண்டார். "நான் பாக்கலலே. பாக்காமத்தான் சொன்னேன்."

"தெரியும் சார்."

"என்னது?"

"பந்து கைக்கு வந்தா 'அடிலே'ன்னு சத்தம் போடுவீயள்லா. அன்னைக்குச் சத்தம் வரல. என்னன்னு திரும்பிப் பாத்துட்டுத்தான் அடிச்சேன். நீங்க அக்காட்ட தண்ணி வாங்கிக்கிட்டு நிக்கீங்க."

இசக்கித்துரை ஒரு பிச்சிச் சரத்தை இலையில் கட்டி, "அக்காட்ட குடுங்க," என்று நீட்டினார். செல்லச்சாமி வாங்கிக்கொண்டார்.

8

இங்கே முடித்திருக்கலாம். பூச்சரத்தில் முடிகிற கதை யாருக்கும் பிடிக்கும். ஆனால் நடந்தது இன்னும் கொஞ்சம் இருக்கிறது.

ரயில்வே கேட் அடைத்திருந்தது. வண்டியை அணைத்தேன். பின்னால் இருந்து செல்லச்சாமி கேட்டார்.

"ஒங்ககிட்ட முதல்ல பேசையில என்ன சொன்னான்? உள்ளன்னானா, வெளியன்னானா?"

வாசகரே, இசக்கித்துரையின் இரண்டு பதில்களில் ஒன்று பொய். என்னிடம் சொன்னது பழைய வீம்பாக இருக்கலாம். அவரிடம் சொன்னது ஓய்வுபெறுகிற மனிதருக்குப் போட்ட மாலையாக இருக்கலாம். கதாசிரியன் என்கிற முறையில் பந்தை எந்தப் பக்கம் வேண்டுமானாலும் நான் வைத்துவிட முடியும். வைக்க மாட்டேன். நான் அங்கே நிற்கவில்லை. நிற்காத இடத்தைப் பற்றி ஒருவர் சொன்ன ஒரு வார்த்தை என்ன செய்தது என்று இப்போதுதான் ஏழு பகுதிகள் எழுதியிருக்கிறேன்.

ஆனால் அவர் என்னிடம் கேட்டது பந்தைப் பற்றி அல்ல. என் காதில் விழுந்ததைப் பற்றி. அதைப் பார்க்கவில்லை, கேட்கவில்லை என்று நான் சொல்ல முடியாது.

முடிவு ஒன்று: "வெளியன்னுதான் சார் சொன்னார்," என்கிறேன். அவர் நிம்மதியாக மேடை ஏறுகிறார். முதல்வர் அந்தக் கோலைச் சொல்ல, எல்லோரும் கை தட்டுகிறார்கள். அதில் என் கையும் உண்டு.

முடிவு இரண்டு: "உள்ளன்னு சொன்னார்," என்கிறேன். அதைச் சுமந்துகொண்டு அவர் மைக் முன்னால் நிற்கிறார். என்ன பேசுவார், பேசுவாரா—

நான் ஒன்றைச் சொன்னேன். எதை என்று எழுதப் போவதில்லை. எழுதினால் நீங்கள் என்னைப் பற்றித் தீர்ப்புச் சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவீர்கள். என் இடத்தில் நீங்கள் உட்காருங்கள். ரயில் போய்விட்டது. கேட் தூக்கிவிட்டார்கள். பின்னால் லாரிக்காரர் ஹாரன் அடிக்கிறார். பெரியவர் உங்கள் தோளில் கை வைத்து, பதிலுக்காகக் கொஞ்சம் முன்னால் சாய்கிறார்.