எதிர்முனையில் ஆளில்லை

ரலிட்சாவுக்குக் கோபம் தலைக்கேறியிருந்தது. பல்கேரியாவின் பிளவ்டிவ் நகரில், நோயாளிகளின் மூச்சைக் கண்காணிக்கும் கருவி செய்கிற சின்னக் கம்பெனியில் அவளுக்கு வேலை. மேலாளர் ஓக்னியன் பனிட்சா என்ற பாலாடைக்கட்டிப் பலகாரத்தைக் கடித்துக்கொண்டே, எண்ணெய் படிந்த விரலால் ஒப்புதல் படிவத்தை அவள் முன் தள்ளினார். அவள் கையெழுத்துப் போட்டால் கருவி மதியமே ஆஸ்பத்திரிக்குப் போய்விடும்.

கருவிக்குள் இரண்டு புரோகிராம்கள். ஒன்று மூச்சைப் பார்க்கும், மற்றது மணி அடிக்கும். இரண்டையும் இணைக்க, கருவியின் அடிப்படை மென்பொருளான கெர்னல் ஒரு ஜோடி முனைகளை உண்டாக்கி, ஆளுக்கொன்றைக் கொடுத்திருந்தது. மூச்சு நின்றால் முதல் புரோகிராம் கெர்னலை அழைத்து, எதிர்முனையில் கொடி ஏற்றச் சொல்லும்; அந்தச் சைகையைப் பார்த்து மற்ற புரோகிராம் மணி அடிக்கும். மணி புரோகிராம் செத்துக் கிடந்தால், எதிரே ஆளில்லை என்று கெர்னல் சொல்லிவிடும்; உடனே முதல் புரோகிராமே மணியை அடிக்கும். ரலிட்சா அப்படித்தான் எழுதியிருந்தாள். அதில் மண்ணை அள்ளிப் போட்டவர் ஓக்னியன். சோதனைக்கு வசதி என்று எதிர்முனைக்கு ஒரு நகல் எடுத்து, முதல் புரோகிராமிலேயே வைத்துவிட்டார்.

"ஒவ்வொரு தடவையும் கெர்னல் சரின்னுதானே சொல்லுது? அப்புறம் என்ன உனக்கு?"

"சொல்லாம என்ன பண்ணும்? நகலை நீங்க பிடிச்சிட்டிருக்கிற வரைக்கும் எதிர்முனை உயிரோட இருக்குன்னுதான் அது நினைக்கும். செத்த அப்பன் பேர்ல பென்ஷன் வாங்குற கதை!"

"மணி புரோகிராம் எதுக்கு சாகப்போகுது? உன் வாயில நல்ல வார்த்தையே வராதா?"

 ரலிட்சா மணி புரோகிராமை நிறுத்தினாள். சோதனைக்கு வைத்திருந்த ரப்பர் நுரையீரலின் குழாயை இறுக்கிப் பிடித்தாள்.

"இப்ப நீங்களும் மூச்சை அடக்குங்க. மணி அடிச்சதும் விடுங்க."

"சரியான பைத்தியம்டி நீ," என்று சிரித்துவிட்டு அவர் கன்னத்தை உப்பிக்கொண்டார்.

திரையில் மூச்சுக் கோடு படுத்துவிட்டது. அதன் கீழே 'கொடி ஏற்றியாச்சு, சரி' என்று வரி வரியாக வந்துகொண்டிருந்தது. இருபது விநாடியில் ஓக்னியனின் சிரிப்பு போனது. நாற்பதில் முகம் பீட்ரூட்டாகச் சிவந்தது. கண்ணாலேயே கெஞ்சினார். அவள் குழாயை விடவில்லை. கடைசியில் மேசையைப் பிடித்துக்கொண்டு வாயைப் பிளந்து மூச்சை இழுத்தார்.

"மணி இன்னும் அடிக்கலையே," என்றாள் ரலிட்சா. "உங்களுக்கு முடியல, வாயைத் திறந்துட்டீங்க. படுக்கையில கிடக்கிறவன் என்ன பண்ணுவான்?"

ஓக்னியன் இன்னும் இரைத்துக்கொண்டே படிவத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு, கருவி இன்றைக்கு வராது என்றார்.