சாம்பல் நிறப் பூனை

'டமார்!'

கூடவே கண்ணாடி நொறுங்கும் சத்தம். எதிர்வீட்டு நாய் குரைத்தது. தையல்காரி ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தாள். அவளுடைய பழைய காரின் பின்பக்கம், ஓரகத்தியின் புதுக் காரின் முகத்தில் முட்டிக்கொண்டு நின்றது.

"ஐயையோ அக்கா! அடி எதுவும் படலையே?"

தண்ணீர்க் குழாயடியிலிருந்து மஞ்சள் துணியும் கையுமாக ஓடிவந்தாள் ஓரகத்தி. காருக்கு என்ன ஆயிற்று என்று கேட்காமல் அடிபட்டதா என்று கேட்கிறாளே! தையல்காரிக்கு அதற்கும் ஓர் எரிச்சல் வந்தது.

கணவரின் தம்பி மனைவி அவள். மாடியில் குடித்தனம். இரண்டு வீட்டுக்கும் ஒரே வாசல், ஒரே முற்றம். அந்த முற்றத்தில் புதுக் கார் வந்து நின்று பதினொரு நாள்தான் ஆகிறது. தினமும் காலையில் குழந்தையைக் குளிப்பாட்டுவது போல அதைத் துடைப்பாள். துடைப்பதோடு நிறுத்தினால் பரவாயில்லை. கார் வந்த முதல் நாளே ஆரம்பித்துவிட்டாள்.

"பம்பர் டு பம்பர் இன்சூரன்ஸ் எடுத்திருக்கோம்க்கா. சின்னக் கீறல் விழுந்தாக்கூட கம்பெனியே பார்த்துக்கும். உங்க வண்டிக்கு என்ன எடுத்திருக்கீங்க?"

"எல்லாந்தான் எடுத்திருக்கு" என்று சொல்லிவிட்டு, தையல்காரி ஊசியில் நூல் கோத்தாள். நூல் நாலு தடவை தவறியது. அவளுக்குத் தன் காரின் பாலிசியில் ஒரு வரிகூடத் தெரியாது.

'என்ன எடுத்திருக்கீங்க?' என்ற அந்தக் கேள்வி பதினொரு நாளும் உள்ளே குத்திக்கொண்டே இருந்தது. இன்று காலை ரிவர்ஸ் எடுக்கும்போதுதான் அந்த யோசனை வந்தது. கீறல் விழுந்தால் கம்பெனி பார்த்துக்கொள்ளும் என்றால், விழட்டுமே! யாருக்கு என்ன நஷ்டம்? 'புதுசு' என்ற பேச்சு மட்டும் போய்விடும்.

ஒரு கீறல்தான் போட நினைத்தாள். கால்தான் கொஞ்சம் ஆசைப்பட்டுவிட்டது.

சத்தம் கேட்டு வெளியே வந்த கணவர் தலையில் கை வைத்தார்.

"தோள் அளவைக் கண்ணாலயே எடுக்கிறவ நீ. தெருவே உன்னை இஞ்ச் டேப்னு கூப்பிடுது. இத்தாம் பெரிய கார் கண்ணுக்குத் தெரியலையா?"

"பிரேக் வழுக்கிடுச்சு."

"வழுக்குறதுக்கு அது என்ன சோப்பா?"

மாலையில் இன்சூரன்ஸ் சர்வேயர் வந்தார். இரண்டு கார்களையும் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தார். தையல்காரியின் காரில் டிக்கி மூட மறுத்தது. பின்விளக்கு இருந்த இடத்தில் இரண்டு ஒயர்கள் தொங்கின.

"உங்க வண்டிக்கு இருக்கிறது தேர்ட் பார்ட்டி மட்டும்தான்மா" என்றார்.

"அப்படின்னா?"

"உங்க வண்டியால அடுத்தவங்களுக்கு ஆகுற சேதத்தை அது பார்த்துக்கும். உங்க வண்டிக்கு ஒண்ணும் வராது."

"அப்போ அவ காருக்கு?"

"புது பம்பர், புது விளக்கு, பெயிண்ட். எல்லாம் உங்க பாலிசியிலதான். அவங்களோடது ஃபுல் கவர். திருட்டு, தீ, மரம் விழுறது எல்லாம் அதுல சேர்த்தி. இதுக்காக அதைத் தொடவே வேண்டாம்."

தையல்காரிக்கு முகம் கடுகடுவென்று ஆனது. இடித்தது இவள் கார், பாலிசி இவளுடையது, பளபளப்பு மட்டும் அவளுக்கா?

"அது எப்படிங்க? இவ என் சொந்த ஓரகத்தி. எனக்கு எப்படி மூணாவது ஆளாவா?"

கணவர் இருமினார். சமைத்த குழம்பில் ஒரு கிண்ணம்கூட மாடிக்குப் போகாத வீட்டில், இந்தச் சொந்தம் அவருக்கே புதுசு.

"இன்சூரன்ஸுக்கு நீங்க ஒரு ஆள், கம்பெனி ஒரு ஆள். மத்தவங்க எல்லாம் மூணாவது ஆள்தாம்மா" என்ற சர்வேயர் பேனாவைத் திறந்தார். "தெரியாம நடந்ததுதானே? வேணும்னே இடிச்சிருந்தா எந்த பாலிசியும் செல்லாது. கேஸ்கூட ஆகலாம். பக்கத்துல இருந்து யாராவது பார்த்தாங்களா?"

"நான் பார்த்தேன்" என்றாள் ஓரகத்தி.

கேஸ், போலீஸ், தெரு முழுக்கப் பேச்சு... நாளைக்கு ரவிக்கை தைக்கக் கொடுக்க யார் வருவார்கள்?

"ஒரு பூனை குறுக்க ஓடுச்சுங்க. அக்கா பதறிட்டாங்க."

"பூனையா?"

"ஆமாங்க. சாம்பல் கலர். வால் கொஞ்சம் குட்டை."

சர்வேயர் எழுதிக்கொண்டார். தையல்காரிக்கு உயிர் திரும்பி வந்தது. வந்த கையோடு வயிறும் எரிந்தது. பொய்கூட இவளுக்கு எவ்வளவு நேர்த்தியாக வருகிறது! வால் வரைக்கும் அளவெடுத்துத் தைத்துவிட்டாளே! அந்தப் பூனை ஏன் தனக்குத் தோன்றாமல் போனது?

சர்வேயரை வழியனுப்பக் கணவர் வாசலுக்குப் போனார். முற்றத்தில் இரண்டு பெண்களும் இரண்டு கார்களும் மட்டும் நின்றார்கள். ஓரகத்தி மஞ்சள் துணியை நனைத்து, உடைந்த பம்பரையும் விடாமல் துடைக்க ஆரம்பித்தாள்.

"ஏம்மா, நம்ம முற்றத்துல ஏது பூனை?" தையல்காரி குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

ஓரகத்தி நிமிரவில்லை. துணியை நிதானமாகப் பிழிந்தாள்.

"உங்க சைடு கண்ணாடியில உங்க முகம் எனக்கு நேரா தெரிஞ்சுதுக்கா. இடிக்கிறதுக்கு முன்னாடியே சிரிச்சீங்க."