இரண்டு ஃபேன்களின் விம்மல்

மோட்டாருக்குள் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிற பெண்ணைப் பார்த்தால், கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் முதலில் அவள் புருஷனைத்தான் தேடுவார்கள். கட்டுவது நானே என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்துப்போய், அவள் வேலையையே பதிலாக்கிக்கொண்டாள். ஏழு வருஷத்தில் அவள் கட்டிய மோட்டார் ஒன்றுகூடக் கெட்டுத் திரும்பி வந்ததில்லை. அவள் வழக்கமாக மோட்டார் வேலை செய்துகொடுக்கும் தையல் கம்பெனியின் பெண்களுக்கு அவள் காயில் அக்கா.

அப்பேர்ப்பட்டவளுக்கு நாற்பது பேர் முன்னால் மானம் போயிற்று. தையல் ஹாலின் பின்சுவரில், காற்றை வெளியே தள்ளும் பெரிய ஃபேன்கள் இரண்டு உண்டு. ஒன்றின் மோட்டார் எரிந்துபோக, அவள் புதுக் காயில் கட்டி, புது பெல்ட்டும் போட்டு மாட்டிவிட்டு வந்தாள். மறுநாளே தொடங்கியது வினை. ஊம்ம் என்று சத்தம் ஏறும், அடங்கும், மறுபடி ஏறும். நாள் பூராவும் அதைக் கேட்டுக்கொண்டு தைத்தால் தலை வலிக்காமல் என்ன செய்யும்? ஃபேன் விம்முகிறது என்று பெண்கள் புகார் சொன்னார்கள்.

கம்பெனி மெஷின்களைப் பார்த்துக்கொள்ளும் சூப்பர்வைசருக்கு அது போதுமானதாக இருந்தது. அவளை வரவழைத்து, ஹாலின் நடுவில் நிறுத்தி, எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார்: "பொம்பளை கட்டின காயில் இவ்வளவுதான்." மறுநாள் காலை மோட்டாரைக் கழற்றி வேறு கடைக்கு அனுப்பப் போவதாகவும், இனி அவளுக்கு அங்கே வேலை கிடையாது என்றும் சேர்த்துச் சொன்னார்.

அன்று சாயங்காலம் அவள் வெங்காயம் நறுக்கினாளா விரலை நறுக்கினாளா என்று அவளுக்கே தெரியாது. தப்பு எங்கே என்று மனசுக்குள் ஒவ்வொரு சுற்றாகப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். மேல்நிலைப் பள்ளியில் படிக்கும் மகள், பக்கத்தில் உட்கார்ந்து ஊரே கேட்கும்படி இயற்பியலை உருப்போட்டுக்கொண்டிருந்தாள். "அதிர்வெண் சற்றே வேறுபட்ட இரண்டு ஒலிகள் சேரும்போது ஒலி ஏறி இறங்கும். இதுவே விம்மல்."

கத்தி நின்றது. "என்னடி சொன்னே? விம்மலா?"

மகளுக்கு முகம் சுருங்கியது. போன தேர்வில் 'விம்மலுக்குக் காரணம் என்ன?' என்ற கேள்விக்கு அவள் 'துக்கம்' என்று எழுதிவிட்டாளாம். டீச்சர் அதை வகுப்பில் உரக்கப் படித்துக் காட்டி, பெஞ்சே அதிரச் சிரித்தார்களாம். அந்த ரோஷத்தில்தான் இந்த உருப்போடல். அம்மாவும் சிரிக்கப் போகிறாள் என்று நினைத்தாள். அம்மா சிரிக்கவில்லை. எப்படி என்று காட்டச் சொன்னாள்.

ஒரே மாதிரி இரண்டு பாட்டில், ஒன்றில் மட்டும் சொட்டுத் தண்ணீர் அதிகம். ஆளுக்கொன்றாக வாயில் வைத்துச் சேர்ந்து ஊதினார்கள். சமையலறையில் ஊம்ம் என்று ஏறியது, அடங்கியது, ஏறியது. அதே சத்தம்.

"ஒத்தைப் பாட்டில் விம்முமாடி?"

"எப்படிம்மா விம்மும்? அதுக்கு ரெண்டு வேணுமே."

அவள் மகளைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். வெங்காயக் கையோடுதான்.

மறுநாள் தையல் மெஷின்கள் ஓடத் தொடங்கும் முன்பே அவள் ஹாலில் இருந்தாள். சூப்பர்வைசர் ஸ்பானரோடு வந்தபோது, கழற்றும் முன் ஐந்து நிமிஷம் கேட்டாள். பழைய ஃபேனை நிறுத்தினாள். அவள் கட்டியது தனியாக ஓடியது. சத்தம் ஒரே சீர். அப்படியானால் பழையதுதான் கெட்டது என்று அவர் சட்டென்று கட்சி மாறினார். இதை நிறுத்திவிட்டு அதை ஓட்டிக் காட்டினாள். அதுவும் ஒரே சீர். இரண்டையும் சேர்த்துப் போட்டாள். ஊம்ம் என்று விம்மத் தொடங்கியது.

கடிகாரத்தைப் பார்த்து விம்மலை எண்ணும்படி பெண்களிடம் சொன்னாள். பத்து விநாடியில் பன்னிரண்டு. இரண்டும் ஒரே வேகத்தில் சுற்றவில்லை, அவ்வளவுதான் சங்கதி என்றாள். பழைய ஃபேனின் பெல்ட் தளர்ந்து வழுக்குகிறது, அதனால் அது பின்தங்குகிறது. முன்பு இரண்டு பெல்ட்டும் ஒரே மாதிரி தளர்ந்திருந்ததால் தெரியவில்லை.

நிறுத்தி, பழைய பெல்ட்டைக் கொஞ்சம் இறுக்கிப் போட்டாள். நாற்பது பேரும் வாய்விட்டு எண்ணினார்கள். ஏழு. மறுபடி இறுக்கினாள். மூன்று. இன்னொரு தரம் இறுக்கிப் போட்டபோது, எண்ண வாய் திறந்தவர்கள் திறந்தபடியே காத்திருந்தார்கள். எண்ண ஒன்றும் வரவில்லை. இரண்டு ஃபேனும் ஒரே குரலில் ஓடிக்கொண்டிருந்தன. யாரோ ஒருத்தி கை தட்ட, ஹால் முழுக்கத் தட்டியது. அவளுக்குச் சந்தோஷத்தில் நெஞ்சு கொள்ளவில்லை.

பெல்ட்டை மாதாமாதம் பார்ப்பது சூப்பர்வைசர் வேலை. அவர் ஸ்பானரைப் பையில் போட்டுக்கொண்டு, சரி சரி, வேலையைப் பாருங்கள் என்று நழுவப் பார்த்தார். அவள் வழியில் நின்றுகொண்டாள்.

"நேத்து இதே இடத்துல, இவங்க முன்னாடிதான் சொன்னீங்க சார். இன்னிக்கும் எல்லாரும் இருக்காங்க."

அவர் தரையைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். ஒரு பெண்கூடத் தன் மெஷினை ஓட்டவில்லை.

"காயில் சரியாத்தான் இருக்கு," என்றார்.

"பின்னாடி இருக்கறவங்களுக்குக் கேக்கலையாம் சார்," என்றாள் காயில் அக்கா.

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, கடைசி வரிசை வரைக்கும் கேட்கிற மாதிரி இன்னொரு தரம் சொன்னார்.