கியூபெக் ஆற்றில் ஒரு பிடி சாம்பல்

திண்டிவனத்துக்குப் பக்கத்தில் மல்லாட்டை எனும் வேர்க்கடலை பயிரிடும் ஜீவேந்திரன், மடியில் ஒரு பெட்டியோடு கியூபெக் நகரத்துக்குப் போகும் படகில் உட்கார்ந்திருந்தார். அங்கே வேலை பார்த்த மகன் சுமித் விபத்தில் செத்து, அவர் கனடா வந்து சேர்வதற்குள் சாம்பலாகியிருந்தான்.

ஒலிபெருக்கியில் யாரோ பிரெஞ்சில் பேசினார்கள்.

"பாண்டிச்சேரி பக்கத்து ஆளு, உனக்கா பிரெஞ்சு வராதுன்னு சுமித்தை எல்லாரும் ஓட்டிக்கினே இருப்பாங்கப்பா" என்றான், சுமித்தோடு ஒரே அறையில் தங்கியிருந்த கூட்டேரிப்பட்டு மணிமாறன்.

ஜீவேந்திரன் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். கோட்டை மதில் தெரிந்ததும் மணிமாறன் குரலைத் தாழ்த்தினான்.

"ஊரு வந்துடுச்சு. யாரும் பாக்கறதுக்குள்ள சாம்பலை ஜல்தியா கரைச்சிடுங்கப்பா."

"நாங்க ஜைனருங்க. எங்களுக்கு அந்த வழக்கமில்லப்பா. உசிரு போனதுமே வேற பிறவி எடுத்துடும். அப்புறம் அவனுக்கு நாம செய்ய ஒண்ணுமில்ல."

எத்தனையோ சாவு வீடுகளில் இதையே அவர் ஆறுதலாகச் சொல்லியிருக்கிறார். இன்று அது தண்டனையாகக் கேட்டது. மெல்லப் பெட்டியைத் திறந்தார்.

"உங்கள்ல என்ன சொல்லிக் கரைப்பீங்க?"

மணிமாறன் தலை குனிந்தான். "எங்கப்பாவுக்கு நான் கரைச்சேன். புள்ளைக்கு அப்பா கரைச்சா என்ன சொல்றதுன்னு எனக்குத் தெரியலப்பா."

ஜீவேந்திரன் ஒன்றும் சொல்லாமலே கரைத்தார். ஏதாவது செய்தால் நெஞ்சுப் பாரம் கொஞ்சம் இறங்கும் என்று நினைத்தது பொய்யாயிற்று. படகு கரையை அடைந்தது. எல்லோரும் நகரத்தைப் பார்க்க இறங்கினார்கள். அவருக்கு எழுந்திருக்க ஒரு காரணமும் கிடைக்கவில்லை.