பொத்தானக்கா அழுத்திய இடம்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாராவது கேட்டு நான் திருதிருவென்று முழிக்க வேண்டாம். ஒரு நாள் காலை சவரம் செய்தபடி ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தேன். நேயர்கள் போன் போட்டு நாட்டு நடப்பைப் பேசும் நிகழ்ச்சி. ஒருவர், "நான் கேக்குறது ஒண்ணே ஒண்ணுதான் சார்," என்றார். உடனே தொகுப்பாளர், "அருமையான கருத்து, அடுத்த நேயர் யாருன்னு பாப்போம்," என்றார். அந்த ஒண்ணே ஒண்ணு எங்கே போயிற்று? பாதி முகத்தில் நுரையோடு நின்றேன்.

உண்மையைச் சொன்னால், அவர் என்ன கேட்டார் என்பது என்னை அவ்வளவாக அரிக்கவில்லை. அதை வெட்டியவர் யார், அன்று மத்தியானம் அவருக்குச் சாப்பாடு இறங்கியதா என்பதுதான் அரித்தது.

2

முதல் தொடக்கம்: "வானம் இருண்டிருந்தது. அந்த நகரத்தில் யாரும் வாய்திறந்து—"

விட்டுவிட்டேன். வானம் இருண்டால் இது கொடுங்கோல் ஆட்சிக் கதை என்று வாசகர் சட்டென்று கண்டுபிடித்து, நம் ஊர் இப்படி இல்லை என்று நிம்மதியாகி விடுவார். நான் சொல்ல வருவது நன்றாக வெயிலடிக்கும் ஊர். கடைகள் திறந்திருக்கின்றன. பஸ் நேரத்துக்கு வருகிறது.

இரண்டாம் தொடக்கம்: "அதிகாரி மீசையை முறுக்கிக்கொண்டே உள்ளே—"

இதுவும் போயிற்று. ரேடியோ நிலையத்துக்கு வந்த அதிகாரி மீசை வைத்தவர் இல்லை. தணிந்த குரலில் பேசுகிறவர், குடித்த தண்ணீர் டம்ளரைத் தானே கழுவி வைக்கிறவர். புதுக் கட்டுப்பாட்டுக்கு அவர் சொன்ன காரணமும் பொய்யில்லை. போன வருடம் ஒரு நேயர், பாலம் விரிசல் விட்டுவிட்டது என்று வாய்க்கு வந்ததைச் சொல்ல, பாலத்தில் இருந்தவர்கள் முண்டியடித்து ஓடியதில் ஒரு பெண் மிதிபட்டுச் செத்தாள். அதற்குப் பிறகுதான் புது விதி வந்தது. பதற்றம் உண்டாக்கும் பேச்சு காற்றில் போனால், பேசியவரோடு போகவிட்டவரும் பதில் சொல்ல வேண்டும்.

எது பதற்றம் என்று மட்டும் அவர் சொல்லவில்லை. கேட்டதற்கு, "உங்களுக்கே தெரியும்," என்று சிரித்தாராம்.

மூன்றாம் தொடக்கம்தான் நிலைத்தது. அது கீழே.

3

போகவிடுவதும் வெட்டுவதும் அவள் கையில் இருந்தது. நிலையத்தில் அவளுக்குப் பொத்தானக்கா என்றுதான் பெயர். சம்பளப் பட்டியலில் வேறு பெயர் இருக்கிறது, அது கணக்குப் பிரிவுக்கு மட்டும் தெரியும்.

நேயர் பேசுவது உடனே ஒலிபரப்பாவதில்லை. ஒரு பெட்டிக்குள் சில நொடி தங்கிவிட்டுத்தான் வெளியே போகும். அந்த இடைவெளியை டிலே என்பார்கள். யாராவது கெட்ட வார்த்தை பேசினால் அவள் சிவப்புப் பொத்தானை அழுத்துவாள். பெட்டியில் தங்கியிருந்த பேச்சு அழிந்துவிடும், ஊர் கேட்காது.

கெட்ட வார்த்தைக்காக அழுத்திக்கொண்டிருந்த வரையில் அவள் நன்றாகத்தான் தூங்கினாள். புது விதிக்குப் பிறகு, பெயர் சொன்னால் அழுத்தினாள். பிறகு குரல் உயர்ந்தால் அழுத்தினாள். போன வாரம் ஒரு பெரியவர் தண்ணீர் வரியைப் பற்றிப் பேசத் தொடங்கி நீளமாக ஒரு பெருமூச்சு விட்டார். அந்தப் பெருமூச்சையும் அழுத்திவிட்டாள். செய்த பிறகு அவளுக்கே சிரிப்பு வந்தது, அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

4

இப்போது அவளுடைய அண்ணன். இவரிடம்தான் நான் மாட்டிக்கொண்டேன்.

அவர் டெயிலர். கடைத்தெருவில் கடை, மேல்மாடியில் வீடு. அங்கேதான் அவர், அண்ணி, பொத்தானக்கா எல்லோரும். அவருடைய கொள்கை எளிது. அரசாங்கம் ரோடு போடட்டும், திருடனைப் பிடிக்கட்டும், மிச்சத்தைக் குடும்பம் பார்த்துக்கொள்ளும். பிள்ளைக்கு எதைச் சொல்லித்தர வேண்டும் என்பது பெற்றவர்கள் பாடு. இலவசம் கொடுத்தால் கை வேலையை மறந்துவிடும். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அடக்கம் போதாது.

இதில் பாதியை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அதனால் முதல் பிரதியில் அவரைக் கோமாளியாக்கியிருந்தேன். [அடித்தது: "வெற்றிலைச் சாறு மோவாயில் வழிய அவர் உலகத்தைத் திருத்திக்கொண்டிருந்தார்."] நமக்குப் பிடிக்காத கருத்துக்காரரை எழுதும்போது கை தானாகவே அவர் சட்டையில் கறை போட்டுவிடுகிறது. வெட்டுவது ஒரு பொத்தானால்தான் முடியும் என்றில்லை.*

* இரண்டாம் பிரதியில் அவரைத் தியாகியாக்கினேன். அது இன்னும் மோசம். தியாகிக்குப் பொத்தான் துளைக்குக் காஜா எடுக்கத் தெரியவில்லை.

அவருடைய பிரச்சினை இதுதான். கடைகள் எல்லாவற்றிலும் கேமரா வைக்க வேண்டும் என்று உத்தரவு வந்திருந்தது. பேச்சையும் சேர்த்துப் பதிவு செய்யும் கேமரா, வயர் நேரே போலீஸ் கன்ட்ரோல் ரூமுக்குப் போகும். அந்தக் கேமராக்களால் காணாமல் போன ஒரு குழந்தை கிடைத்தது என்பதும் உண்மை. ஆனால் அவர் கடை பெண்கள் அளவு கொடுக்க வரும் இடம். மனசில் கிடப்பதையும் அங்கேதான் கொட்டுவார்கள். அவர் வைத்த கேமராவின் மேல் ஒரு துணித் துண்டைப் போட்டு மூடி, மைக் துளையிலும் துணியைத் திணித்துவிட்டார். கேமரா பழுது என்று கன்ட்ரோல் ரூம் நினைத்துக்கொண்டிருந்தது. மூடியது தெரிந்தால் கடைக்குச் சீல்.

5

சாப்பிடும்போதுதான் சொன்னார், நிகழ்ச்சிக்குப் போன் போட்டுத் துணி போட்டதைச் சொல்லப்போகிறேன் என்று. அண்ணி கரண்டியைக் கீழே வைத்தாள். கடை போனால் மூன்று பேரும் தெருவில் என்று பொத்தானக்கா எவ்வளவோ எடுத்துச் சொன்னாள். பயந்து பொய் சொல்வதுதான் தனக்கு அசிங்கமாக இருக்கிறது என்றார் அவர்.

"நான் அங்க உக்காந்திருக்கேன்ணா. என் கையால உன்னை வெட்ட வெச்சிடாத."

"வெட்டுறதும் விடுறதும் உன் இஷ்டம். பேசுறது என் இஷ்டம்," என்றார். பிறகு குழம்பு நன்றாக இருக்கிறது என்று அண்ணியிடம் சொன்னார்.

6

இதுவரை எழுதியதை என் மனைவி படித்தாள். அவள் முகத்தைப் பார்த்தபடி நான் உட்கார்ந்திருந்தேன். எனக்கு உள்ளங்கை வியர்த்தது, அதைச் சொல்வதில் வெட்கமில்லை.

"இது யாரைப் பத்தின்னு கேப்பாங்க," என்றாள்.

"யாரையும் பத்தி இல்ல."

"அப்ப இன்னும் கஷ்டம். எல்லாரும் தங்களைத்தான் சொல்றீங்கன்னு நினைப்பாங்க."

டெயிலரைக் குடித்துவிட்டுப் பேசுகிறவராக மாற்றிவிடலாமே, யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்று யோசனை சொன்னாள். கெட்ட எண்ணம் இல்லை, வீட்டுக்கடன் இருக்கிறது. நானும் ஒரு பத்தி அப்படி எழுதிப் பார்த்தேன். நன்றாகவே வந்தது, அதுதான் பயமாக இருந்தது. [அந்தப் பத்தி இங்கே இருந்தது.]

7

அன்று காலை அண்ணனின் குரல் ஹெட்போனில் வந்ததும் அவள் விரல் பொத்தான் மேல் போயிற்று. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தொகுப்பாளர் உற்சாகமாகக் கையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

"வாட்ச்மேன் வாசல்ல நிக்கணும் சார்," என்றார் அண்ணன். "வீட்டுக்குள்ள வந்து என்ன பேசிக்கிறோம்னு கேக்கக் கூடாது."

அவ்வளவுதான். இதில் ஒரு தப்பும் இல்லை. யாருடைய பெயரும் இல்லை, துணியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஆனால் அடுத்து வருவது என்னவென்று அவளுக்குத் தெரியும். அந்தப் பயத்தில் விரல் முந்திக்கொண்டது. அழுத்திவிட்டாள்.

ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். நல்ல கதாசிரியர் இதை முன்பே சொல்லியிருப்பார். அழுத்தினால் பெட்டி காலியாகிவிடும். அது மறுபடி நிரம்பக் கொஞ்ச நேரம் பிடிக்கும். அதுவரை பேசுவதெல்லாம் இடைவெளி இல்லாமல் நேரே வெளியே போகும், பொத்தானை எத்தனை தடவை அழுத்தினாலும் ஒன்றும் ஆகாது. அவளுக்கு இது நன்றாகத் தெரியும், புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதே அவள்தான். ஆபத்தான வாக்கியத்துக்காக வைத்திருக்க வேண்டியதை ஒரு சாதாரண வாக்கியத்துக்குச் செலவழித்துவிட்டாள்.

கடையில் ரேடியோ மெல்ல ஓடிக்கொண்டிருந்தது. தன் வாக்கியம் அதில் வரவில்லை என்பதை அண்ணன் கவனித்தார். ரேடியோவை அணைத்தார்.

"யாரு அழுத்துனதுன்னு எனக்குத் தெரியும்மா," என்றார். "தப்பில்ல. உன் வேலையை நீ பாரு. நான் சொல்ல வந்ததைச் சொல்லிட்டு வெச்சிடுறேன்."

இதை ஊர் முழுக்கக் கேட்டது. அவருக்கு அது தெரியாது. தங்கை வெட்டிவிடுவாள் என்ற தைரியத்தில், இனி சொல்வது யாருக்கும் போகாது என்று நினைத்துக்கொண்டு, மனசாறப் பேச வாயெடுக்கிறார்.

அவளிடம் இன்னும் ஒரு வழி இருக்கிறது. போன் லைனைக் கீழே இறக்கி அந்தக் குரலை நிறுத்திவிடும் பிடியில் அவள் கை இருக்கிறது.

8

இறக்கினால் கடை பிழைக்கும். ஆனால் பொத்தான் வெட்டுவது யாருக்கும் தெரிவதில்லை, இது தெரியும். யாரோ ஒரு பெண் தன் சொந்தக்காரரின் வாயை அடைத்ததை ஊரே கேட்கும். பிறகு அவரும் கேள்விப்படுவார்.

இறக்காவிட்டால் அவர் சொல்லிவிடுவார். மத்தியானத்துக்குள் கடைக்குச் சீல், அவளுக்கு விசாரணை.

என் மனைவி மூன்றாவது ஒன்று சொன்னாள். கரண்ட் போய்விடட்டும். ஒரு ராத்திரி முழுக்க அந்த முடிவு எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். விடிந்ததும் அடித்துவிட்டேன்.

என் முடிவு என்னிடம் இருக்கிறது. எழுதியும் வைத்திருக்கிறேன். அதை இங்கே சேர்க்காததற்கு அழகான இலக்கியக் காரணம் ஏதாவது சொல்லலாம். அது இல்லை. பயம்தான்.

ஆகவே நீங்கள் சொல்லுங்கள். அவள் இறக்கினாளா, விட்டாளா? மனசுக்குள் சொன்னால் போதாது. இந்தப் பக்கத்தைப் படிக்கும் இடத்திலேயே, பக்கத்தில் இருப்பவர் காதில் விழும்படி வாய்விட்டுச் சொல்லுங்கள். கூடவே அந்த டெயிலர் செய்தது சரியா இல்லையா என்றும் சொல்லுங்கள். சொல்வதற்கு முன் யார் இருக்கிறார்கள் என்று ஒரு தடவை திரும்பிப் பார்க்கத் தோன்றினால், பிடியில் இருப்பது உங்கள் கை.